புதுப்பேட்டையின் அழைப்பு

சென்னையில் இப்போது யாரும் ஏரியாவைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏரியாதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும். தென்காசியிலிருந்து வேலைக்கு வந்த செண்பகா மூன்று ஏரியாக்களுக்குத் தன் குரல் பதிவோடு விண்ணப்பித்தாள். மூன்றும் ஒரே காரணம் சொல்லிக் கைவிரித்தன: அவள் சிரிப்புச் சத்தம் அளவுக்கு மேல். அன்றிலிருந்து விடுதி அறையில் வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகினாள். ஆறாம் நாள், அவள் விண்ணப்பிக்கவே செய்யாத புதுப்பேட்டையிலிருந்து அழைப்பு வந்தது.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் தெரு. இருபுறமும் சுத்தியல் ஓயவில்லை. வாசலில் காத்திருந்த வீட்டுக்காரம்மா மும்தாஜ், "மத்தவங்க தள்ளின உன் சிரிப்பை ஸ்பீக்கர்ல போட்டுத் தெருவே கேட்டுச்சும்மா. ஒருத்தர்கூட வேணாங்கல," என்றார்.

செண்பகாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.

எதிர்க்கடையில் நசுங்கிய கார் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் சுத்தியலை நிறுத்தினார்.

"கையை எடும்மா. இங்க வரைக்கும் கேக்கல."