வெற்றிலை பாக்கும் பிரேக் பேடும்

“பிரேக் பேடை மாத்தாம இந்த வண்டி கேட்டைத் தாண்டாது, சொல்லிட்டேன்.”

கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டை மறித்து நின்றாள் அருணாதேவி. கலையரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்க இருக்கிற கீழ்பென்னாத்தூர்! போறேன், அண்ணன் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்கறேன், வந்துடறேன். இதுக்குப் புது பேடா?”

“நேத்து நான் உழவர் சந்தைக்கு எடுத்துட்டுப் போனப்ப முன் சக்கரத்துல கிறீச்னு கத்துச்சு. நீங்க கோவத்துல வேற ஓட்டுவீங்க. பரண் மேல ஆறு மாசமா கிடக்குதே, அதைப் போட்டுட்டுப் போங்க.”

அந்த பேடை வாங்கியது அவன்தான். மெக்கானிக் எதற்கு, வீட்டிலேயே நானே மாற்றுகிறேன் என்று பெருமை பேசி வாங்கி, பரணில் போட்டு மறந்துவிட்டான். இப்போது மெக்கானிக் கடைக்குப் போகலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை. வேறு வழியில்லாமல் வேங்கிக்கால் வீட்டு வாசலில், பத்து மணி வெயிலில், செல்போனில் வீடியோவை ஓடவிட்டு ஜாக்கியைப் போட்டுக் காரைத் தூக்கினான்.

நட்டைத் திருகினால் சக்கரமும் சேர்ந்து சுற்றியது. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று வீடியோக்காரர் அப்போதுதான் நிதானமாகச் சொன்னார்.

“முன்னாடியே சொல்லித் தொலைய மாட்டியாடா!” என்று செல்போனைத் திட்டிவிட்டு, மறுபடி வண்டியை இறக்கினான்.

அவன் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அண்ணன் ஆதிமூலத்தின் மகள் சினேகாவுக்குக் கல்யாணம். கூடப்பிறந்த தம்பிக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. கீழே இரண்டு கைகள் கும்பிடுகிற பொம்மை.

“ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வெத்தலை பாக்கு வெச்சு கூப்பிடறான். எனக்கு மட்டும் போன்ல பொம்மை! கல்யாணத்துக்கும் வரமாட்டோம், இன்னியோட அண்ணன் தம்பியும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

“பெரிய மாமா வேலை ஜாஸ்தியில மறந்திருப்பாரு. ஒரு போன்...”

“போன் பண்ணி ஞாபகப்படுத்தணுமா? கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு மரியாதை இல்ல, பிச்சை. யாராவது சொல்லிக் குடுத்து அவன் வந்தான்னு தெரிஞ்சா, கதவையே திறக்க மாட்டேன்!”

அருணா ஸ்பேனரை நீட்டினாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கிற ஆள் இல்லை அவன். பக்கத்து மனைக்காரரிடம் இப்படித்தான் ஒருநாள் சொன்னான். எட்டு வருஷமாயிற்று, இன்னும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சினேகாவோ நாலு வயது வரை அருணாவின் இடுப்பிலேயே வளர்ந்த பெண். அவள் கல்யாணத்துக்குப் போக முடியாதென்றால்?

ஒருவழியாகப் பழைய பேடுகள் வெளியே வந்தன. கலையரசன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாதிக்கு மேல இருக்கேடி!”

“பாதி போயிடுச்சு இல்ல? மாத்துங்க.”

பேடை அழுத்தும் பிஸ்டன் உள்ளே போவேனா என்று அடம்பிடித்தது. அதை அழுத்தித் தள்ளுவதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது. புது பேடைப் பொருத்தி, சக்கரத்தை மாட்டி, “சாவி!” என்று கையை நீட்டினான்.

“ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்னு வீடியோவுல சொன்னாங்களே.”

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டாள். தண்ணீர் மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்டாள். சிலிண்டரை மாற்றக் கூப்பிட்டாள். இரண்டாவது சக்கரம் முடிந்தபோது மணி மூன்றரை.

“பின் சக்கரம் ரெண்டும்?” என்றாள்.

“அது டிரம் பிரேக்குடி! அதுல பேடே கிடையாது!”

“அப்படியா?” அவள் முகம் வாடிவிட்டது. “சரி, குளிச்சிட்டாவது போங்க.”

“குளிக்கவும் மாட்டேன், ஒண்ணும் மாட்டேன்! இன்னிக்கு பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துல இனிமே ரோட்ல வண்டி நகராது. சாவியைக் குடு!”

அவள் இடுப்பில் கை வைத்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஆதிமூலமும் அவர் மனைவி காசியம்மாளும் இறங்கினார்கள். காசியம்மாள் கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை.

“எமகண்டம் கழிச்சு கிளம்பினோம்டா தம்பி. பௌர்ணமி கூட்டம், மூணு பஸ்ஸு நிக்காமலே போயிடுச்சு” என்றார் ஆதிமூலம், வியர்வையைத் துடைத்தபடி. “உனக்கு நேர்ல வந்து வெக்காம என் பொண்ணு கல்யாணம் நடந்துடுமா? வாடா, வந்து வாங்கு.”

கலையரசன் கரி படிந்த கைகளை மறைத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கியபோது அவன் கண் கலங்கியிருந்தது.

காபிக்குச் சொல்லும் சாக்கில் மனைவியை ஓரங்கட்டினான். “பாத்தியா? யாரும் சொல்லாம அவனாவே வந்தான் பாரு! அதான் எங்க அண்ணன்.”

“ஆமாங்க” என்றாள் அருணாதேவி.

அவள் காபி கலக்கும்போது காசியம்மாள் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். “விடியக்காலையில நீ போன் பண்ணலன்னா குடும்பமே ரெண்டாயிருக்கும்மா. அது சரி, நாங்க வர்ற வரைக்கும் தம்பியை எப்படி வீட்டுல நிறுத்தி வெச்ச?”

அருணாதேவி கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“பிரேக்ல சத்தம் வருதுன்னு சொன்னேன்க்கா. நேத்து பூரா நான் காரைத் தொடவே இல்ல.”