ஆகாதவன் சாட்சி

“தூக்கி உள்ள போடுங்க சார் இவனை! நேத்து சாயங்காலம் இவன் அடிச்ச அடியில என் சுவத்துல மாட்டியிருந்த ஸ்பானர் மூணு கீழ விழுந்துச்சு.”

மெக்கானிக் ஜோல்தோஷ் எண்ணெய்க் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அவர் விரல் நீண்ட இடத்தில், டிரம்ஸுக்குப் பின்னால், திலெக் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினார். “நேத்துன்னா எத்தனை மணிக்கு?”

“ஆறரைக்கு ஆரம்பிச்சாங்க. எட்டு வரைக்கும் விடல. இந்த பிஷ்கெக்ல வேற தகர ஷெட்டே கிடைக்கலையா? ரெண்டு வருஷமா என் பக்கத்துலயே உக்காந்து உசுரை எடுக்கிறாங்க. நாலு மனு குடுத்திருக்கேன், உங்க ஸ்டேஷன்லதான்.”

நேற்று மாலை ஏழு மணிக்கு, கல்யாண மண்டபக்காரர் மகன் குபாத்தின் கறுப்பு ஜீப் அவன் வீட்டு வாசலிலேயே எரிந்து கூடாகிப் போயிருந்தது. போன ஏப்ரலில் திலெக்கின் மனைவி மீரிமை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போன ஜீப். சாட்சி இல்லை என்று அந்த வழக்கை மூடியவர் இதே இன்ஸ்பெக்டர்தான்.

“ஏழு மணிக்கு எங்கய்யா இருந்தே?”

“இங்க.”

மீரிமைப் புதைத்த நாளிலிருந்து திலெக்குக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வருவதில்லை.

“அத்தான் இங்கதான் சார் இருந்தாங்க.” சாய்கால் கிட்டாரைக் கீழே வைத்தாள். அவள் மீரிமின் தங்கை. “சனிக்கிழமை ஒரு கல்யாணத்துல வாசிக்கிறோம். அதுக்கு ஒத்திகை.”

“நீ சொன்னா ஆச்சா? செத்தவளோட தங்கச்சி நீ.” இன்ஸ்பெக்டர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். “சுவத்துல உங்க பேண்ட் போஸ்டர்ல நாலு மூஞ்சி இருக்கே. மீதி ரெண்டு எங்க?”

“மாஸ்கோவுல, கட்டட வேலையில. அவங்க வாசிச்சு அனுப்பினது லேப்டாப்புல இருக்கு. அதை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் கூட வாசிப்போம்.”

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஆளில்லாத மூலையிலிருந்து கீபோர்டும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து கிளம்பின. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் தலையாட்டிக் கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“பேஷ்! வராதவனெல்லாம் வாசிக்கிறான். அப்படின்னா டிரம்ஸையும் இதுல ஏத்தி ஓட விட்டுட்டு, டிரம்ஸ்காரன் தீப்பெட்டியோட கிளம்பியிருக்கலாமே? அஞ்சு வருஷம் களி திங்கணும், தெரியும்ல?”

சாய்காலின் முகம் வெளுத்தது. “ஐயோ, இல்ல சார். நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க, ஏழு மணிக்குக் கரண்ட்கூடப் போச்சு. சத்தம் மொத்தமும் அப்படியே நின்னுடுச்சு. பத்து நிமிஷம் இருட்டுல...”

“அந்தப் பத்து நிமிஷத்துலதான் சார் நான் வந்து கதவை உதைச்சேன்!” ஜோல்தோஷ் குறுக்கே பாய்ந்தார். “கரண்டுக்காரன் புண்ணியத்துல காதுக்கு ஓய்வு கிடைச்சுது, இதோட மூட்டையைக் கட்டுங்கடான்னு சொல்ல வந்தேன். கதவைத் திறந்தது யாரு? இந்த மூஞ்சிதான். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ‘போய்யா கிழவா’ன்னுட்டுக் கதவைச் சாத்துறான். எனக்கு அம்பத்திரெண்டுதான் சார் ஆகுது. முதல்ல அதுக்கு ஒரு கேஸ் எழுதுங்க!”

“ஏழு மணிக்கு? கண்ணால பார்த்தியா?”

“எந்தக் கோர்ட்டுல வேணா வந்து சொல்றேன். இவனுக்காகப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? எங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதுன்னு இந்த வரிசைல எந்த ஷெட்டுல வேணா கேளுங்க.”

இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. குபாத்தின் அப்பா. எடுக்கவில்லை. தங்கை சொன்னால் தள்ளிவிடலாம். ஆகாதவன் சொன்ன சாட்சியை என்ன செய்வது? ஜோல்தோஷ் சொன்னதைக் கசப்போடு எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறினார். போலீஸ் ஜீப்பின் சக்கரங்கள் பனியை அரைத்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சாய்கால் கிண்ணத்தில் டீயை ஊற்றி ஜோல்தோஷிடம் நீட்டினாள்.

“எரிஞ்சுதே, அந்த வண்டி...” ஜோல்தோஷின் குரலில் இப்போது கத்தல் இல்லை. “போன ஏப்ரல்ல என்கிட்டதான் வந்துச்சு. முன்பக்கம் நசுங்கியிருந்துச்சு. குதிரை குறுக்க வந்துடுச்சுன்னான் குபாத்து. நிமித்தி, பெயிண்ட் அடிச்சு, துடைச்சும் குடுத்தேன். மறுநாள்தான் உன் வீட்டுல இழவுன்னு தெரிஞ்சுது.”

திலெக் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “சொல்லலையே அண்ணே.”

“பயம்டா. எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு.”

டீயை ஒரே மடக்கில் குடித்தார். கீழே போட்டிருந்த தன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கதவு வரை போனவர், நின்று லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு சாய்காலைப் பார்த்தார்.

“அடுத்த தடவையாவது யோசிச்சுப் பேசும்மா. டிரம்ஸ் அடிக்கக் கரண்ட் எதுக்கு?”