ரேடியோவில் வெங்கிட்டுவின் குரல்

சாயங்கால வெயில் மட்டாஞ்சேரி வீட்டு ரேடியோவின் மேல் விழுகிறது. பதிவு செய்த பேட்டியில் வெங்கிட்டுவின் குரல் பேசுகிறது: தின்பதா, ஓடுவதா என்று எலியின் மூளைத்தண்டு தேர்ந்தெடுப்பதைக் கம்ப்யூட்டரில் எப்படிக் காட்டினான் என்று. அந்த புரோகிராமை எழுதி, திருத்தி, ஓடவைத்தவள் அவன் மனைவி திரிபுரசுந்தரி. ரேடியோ முன்னால் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ரேடியோவில் பேட்டி எடுப்பவர் கேட்கிறார்: "உதவிக்கு யாராவது இருந்தார்களா?" "இல்லை. மனைவி நல்ல சாயா போட்டுத் தருவாள்." ரேடியோ கேட்க வந்திருக்கும் அடுத்த வீட்டு ஓமனா சிரிக்கிறாள். தெருவிலுள்ள மசாலாக் கிடங்குகளின் சுக்கு வாடை அறைக்குள் நிற்கிறது. வெங்கிட்டு தலை நிமிராமல் ரேடியோவின் குமிழை நோக்கிக் கை நீட்டுகிறான். திரிபுரசுந்தரி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "அணைக்காதேங்கோ. நான் செஞ்சதை நீங்க சரியாச் சொல்றேளான்னு பாக்கணும்."