இரண்டில் எந்தப் பெயர்

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எதுவும் மாறவில்லை.

கறுப்புக் கல்லில் பென்சிலால் வரைந்த சின்ன ரம்பம் போலக் கிடந்தது அந்தக் கிராப்டோலைட். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்து, கல்லில் பதிந்துபோன உயிரி. பாதி தூரம் ஒல்லியாக வந்து, நடுவில் வளைந்து, மீதிப் பாதி தடியாகப் போயிருந்தது.

ஒல்லி என்றால் ஓர் இனம், தடி என்றால் வேறு இனம். இளம் வயதில் அப்படித்தான் எழுதினார். உலகமும் ஒப்புக்கொண்டது. இப்போது ஒரே உயிரி இரண்டுமாகக் கிடக்கிறது.

இரண்டு உயிரிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒட்டியிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டார். வளைவில் ஒட்டியிருந்த துகளை ஊசியால் நீக்கிப் பார்த்தார். தண்டு எங்கும் அறுபடாமல் ஓடியது.

மலை எழும்பியபோது பாறை ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. இழுத்த திசையில் நீளவாக்கில் கிடந்தது ஒல்லியாகிவிட்டது, குறுக்கே கிடந்தது தடித்துவிட்டது. கல் செய்த வேலையை உயிரியின் குணம் என்று நம்பிவிட்டார். மாணவர்கள் இப்படிச் செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

தப்புகூடப் பரவாயில்லை. ஒரு பத்தி எழுதி ஒப்புக்கொண்டால் முடிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

ஒல்லிக்குப் பெரிய மகளின் பெயரையும், தடிக்குச் சின்ன மகளின் பெயரையும் வைத்திருந்தார்.

ஒருத்திக்கு வாங்கினால் இன்னொருத்திக்கும் வாங்கியாக வேண்டிய வீடு அது. கேக்கை ஸ்கேல் வைத்து வெட்டிய காலம். அதனால் இரண்டு இனங்களையும் ஒரே கட்டுரையில், ஒரே நாளில் வெளியிட்டார். அப்படியும், தடியானதற்குத்தான் தன் பெயரா என்று சின்னவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நியாயம்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. இரண்டு இனங்கள் ஒன்று என்று தெரிந்தால் முதலில் வைத்த பெயர் நிற்கும், மற்றது போகும். இது விதி. இரண்டும் ஒரே நாளில் வைத்த பெயர்கள் என்றால், அவற்றை முதலில் ஒன்று சேர்ப்பவர் எதைச் சொல்கிறாரோ அது நிற்கும். அச்சில் வந்துவிட்டால் பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

சேர்ப்பவர் அவர்தான். இந்த உயிரிகளைப் பற்றி அவரும் எழுதியிருந்த புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. காலையில் பதிப்பாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னவர், பெயரை மட்டும் யோசித்துச் சொல்வதாக இழுத்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் பாதி அவருடைய கற்களுக்கு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் வாங்கிய ஒரே சலுகை அது. அங்கே உட்கார்ந்து ரம்பத்தின் பற்களை மறுபடி எண்ணினார்.

சின்னவள் பெயரை நீக்கினால் அவள் நேரில் வந்து சண்டை போடுவாள். பெரியவள் பெயரை நீக்கினால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

பக்கத்து அறையில் மனைவியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் கேட்கலாம். கேட்டால் பதில் வராது, ஒரு பார்வைதான் வரும். கேட்கவில்லை.

போன் அடித்தது. பதிப்பாசிரியர்.

"சார், உங்க பக்கம் ஒண்ணுதான் பாக்கி. ரெண்டுல எந்தப் பேரு நிக்குது? சொல்லுங்க, இப்பவே போட்டுடறேன்."

சின்னவள் பெயரைச் சொல்வது சுலபம். தினமும் கூப்பிடும் பெயர், நாக்குக்குப் பழக்கம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். லைனில் இருக்கிறீர்களா என்று பதிப்பாசிரியர் கேட்டார்.

பெரியவள் பெயரைச் சொன்னார்.

தையல் மிஷின் நின்றது.

மனதுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு பெரியவள் படியிறங்கிய அன்று, இனி இந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று கத்தியவர் அவர்தான். அன்றிலிருந்து யாரும் சொன்னதில்லை.

மனைவி வந்து கதவருகே நின்றாள். கையில் பாதி தைத்த துணி இருந்தது.

"என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."