இலவசப் பயிற்சி, மதிய உணவு உண்டு

"அந்தம்மா இன்னிக்கும் வந்தாச்சு பாரு" என்றாள் ஸ்வாதி.

பிரவீனா திரும்பிப் பார்த்தாள். பயிற்சிக் கூடத்தின் கடைசி வரிசையில் மாதேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும். வெளுத்த புடவை, மடியில் ஒரு நோட்டு. ஓசூரில் தொழில் பயிற்சி இலவசம் என்று எங்கே போர்டு வைத்தாலும் இந்த முகம் அங்கே இருக்கும். காளான் வளர்ப்போ, ஏற்றுமதியோ, ஜி.எஸ்.டி.யோ, எதுவானாலும் சரி.

"சாம்பார் சாதத்துக்கு வர்ற கேஸ்."

ஸ்வாதி ராகி பிஸ்கட் போடுகிறவள். அதே சாம்பார் சாதத்தைத்தான் தானும் சாப்பிடப் போகிறோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பிரவீனா சிரிக்கும் நிலையில் இல்லை. தொழிற்சாலை ஆட்கள் கையில் மாட்டுகிற காட்டன் கிளவுஸ் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். சிப்காட் பக்கம் ஒரு ஷெட், ஆறு மெஷின், ஆறு பெண்கள். வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. மாசக் கடைசிக்குள் புது ஆர்டர் வராவிட்டால் ஆறு பேரையும் அனுப்பிவிட வேண்டும். அதில் மூன்று பேர் அவளை நம்பி ஊத்தங்கரையிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள்.

இதற்கு முன் நான்கு பயிற்சிக்குப் போயிருக்கிறாள். கிடைத்தது நான்கு சான்றிதழ், நான்கு சணல் பை.

முதலில் சுய அறிமுகம். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றார்கள். நான்கு நிமிஷத்துக்குக் குறைந்து யாரும் உட்காரவில்லை. மாதேஸ்வரி மட்டும் எழுந்து, "பேரு மாதேஸ்வரி, சூளகிரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொல்ல ஏதாவது இருந்தால்தானே என்று ஸ்வாதி முணுமுணுத்தாள்.

டீ இடைவேளையில் எல்லோரும் எல்லோருக்கும் கார்டு நீட்டினார்கள். யாரும் யாருடையதையும் படிக்கவில்லை. மாதேஸ்வரியிடம் கார்டே கிடையாது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டுப் பிடிக்க வந்திருக்கிறாளோ, இன்ஷூரன்ஸோ என்று பயந்து பாதிப் பேர் நழுவினார்கள்.

பிரவீனாவின் கண் முன்வரிசையில் இருந்தது. அங்கே குருமூர்த்தி, அறிமுகமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் ஒரு பெரிய கம்பெனியின் டேக். பர்சேஸ் பிரிவு.

ஓசூரில் யாரும் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவதில்லை. டேக்கைப் பார்க்கிறார்கள். வாடகைக்கு வீடு கிடைப்பதும் கல்யாணத்துக்குப் பெண் கிடைப்பதும் அந்த டேக்கை வைத்துத்தான். பிரவீனா மட்டும் விதிவிலக்கா? அவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்தாள். அவருக்கு டீ எடுத்து வந்தாள். கிளவுஸில் எந்தத் தையல் சீக்கிரம் பிரியும், எது பிரியாது என்று அரைமணி நேரம் விளக்கினாள். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் மேடையில் என்ன சொன்னார் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கு என்ன வேணும் கண்ணு?"

மாதேஸ்வரிதான். கையில் அதே நோட்டு. குருமூர்த்தி நான்கு பேருக்கு முன்னால் தட்டோடு நின்றிருந்தார். இந்த நேரத்தில் இது வேறயா என்று பிரவீனாவுக்கு எரிச்சல் வந்தது.

"ஆர்டர் வேணும். இல்லேன்னா ஒண்ணாந் தேதி ஆறு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பணும். உங்களால தர முடியுமா?"

மாதேஸ்வரி கோபித்துக்கொள்ளவில்லை. எந்த மாதிரி கிளவுஸ் என்று கேட்டாள், நம்பர் கேட்டாள், எழுதிக்கொண்டாள். ஆளைக் கழற்றிவிட்டால் போதும் என்று பிரவீனாவும் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் சான்றிதழ் கொடுத்து முடித்ததும் குருமூர்த்தி தானாகவே பிரவீனாவைத் தேடி வந்தார். அவர் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். அதில் மாங்காய் படம் போட்டிருந்தது.

"ரொம்ப நல்லாப் பேசறீங்க மேடம். நான் போன மாசம் வி.ஆர்.எஸ். வாங்கிட்டேன். ஊறுகாய் போடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச கேன்டீன் எதாவது இருந்தா சொல்லி விடுங்க."

பிரவீனா அவர் கழுத்தையே பார்த்தாள். அவர் டேக்கைத் தடவிக்கொண்டு, பழக்கம் விடமாட்டேங்குது என்றார்.

ஐந்தாவது சணல் பையோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் காலையில் ஷெட்டில் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றபோது போன் வந்தது. தன் பெயர் கோவிந்தப்பன் என்றார் பேசியவர். அத்திப்பள்ளியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறாராம். வாரத்துக்கு இரண்டாயிரம் ஜோடி வேண்டும், நாளைக்கே சாம்பிள் கொண்டுவர முடியுமா என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகக் கேட்டார்.

பிரவீனா பக்கத்திலிருந்த மெஷினைப் பிடித்துக்கொண்டாள். முடியும் என்றாள். மூன்று தடவை சொன்னாள். ஆறு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், என் நம்பர் உங்களுக்கு எப்படி..."

"நம்ம சூளகிரி மாதேஸ்வரியம்மா குடுத்தாங்க."

அவங்க உங்களுக்குச் சொந்தமா என்று பிரவீனா கேட்டாள்.

"சொந்தம் இல்லம்மா. ஒன்பது வருஷமா எங்களுக்கு கிளவுஸ் தைச்சுக் குடுக்கறதே அவங்கதான். இப்ப புதுசா ஒரு ஷிஃப்ட் போட்டிருக்கோம், அதுக்கும் நீங்களே குடுங்கன்னு கேட்டேன். எனக்கு இருக்கறதே போதும், இந்தப் பொண்ணுக்குப் போடுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்துட்டாங்க."