முன்வரிசையில் நாலு பேர்

"இது என்ன நியாயம் மேடம்? மொதல்ல வர்றது எம் பொண்ணு. உக்கார்றது கடைசியிலயா?"

கிளை நூலகத்தின் மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது பாக்கியலட்சுமியின் குரல். நூலகர் அம்சவள்ளி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஸ்கூல்லேர்ந்து நாப்பது பசங்க வர்றாங்கம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

சுனாமிக்கு அப்புறம்தான் இந்தச் சனிக்கிழமைக் கதை நேரம் தொடங்கியது. ஆரம்பத்தில் மொத்தமே எட்டுப் பிள்ளைகள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட கதையை அவள் மகள் இலக்கியா வீட்டில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருப்பாள். போன மாதம் தேவா வாத்தியார் பள்ளிக்கூடத்தையே ஓட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவளுக்குச் சுவரோரம்தான் இடம். கதை காதில் விழவில்லை என்று மூன்று வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

கூட்டத்தைக்கூடப் பாக்கியலட்சுமி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் கணக்கு உதைத்தது. வாத்தியார் எழுதிக் கொடுத்தது நாற்பது பேர். அவள் எண்ணியது நாற்பத்து நாலு. அந்த உபரி நாலு பேருக்கும் வாரா வாரம் முன்வரிசை. தொளதொளவென்று யூனிஃபார்ம் வேறு. அதில் ஒரு பெண், கதை தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் கொட்டாவி விட்டது.

காலை பத்தரை மணிக்குத் தூங்கி விழுகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? அது தெரியாவிட்டால் பாக்கியலட்சுமிக்குத் தலை வெடித்துவிடும். வாத்தியாரையே கேட்டுவிட்டாள்.

"முன்னாடி உக்கார வச்சாதாம்மா முழிச்சிருக்குங்க" என்றார் தேவா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"ராத்திரி பூரா டிவி பாத்தா அப்படித்தான்."

அவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார். சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"அந்த நாலும் அவங்க ஸ்கூல் பசங்களே கெடையாது மேடம். புகார் நோட்டக் குடுங்க" என்றாள் அம்சவள்ளியிடம்.

"மெம்பர் பசங்க, இல்லன்னா ஸ்கூல் பசங்க. அதான் ரூல். நீங்க சொல்றது நெசம்னா வெளிய அனுப்பிடறேன். ஆனா யார் மேல புகார்னு பேர் வேணும், விசாரிச்சுட்டு வாங்க. இப்ப உங்க விவரம் எழுதிக்கறேன். பொண்ணு இலக்கியா. அப்பா பேரு?"

பாக்கியலட்சுமி மகளின் தோளைத் தட்டினாள். "சொல்லுடி."

"ஆதிமூலம்" என்றாள் இலக்கியா.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷன் பேரைப் பாக்கியலட்சுமி வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையோ பேங்க்கோ, யாராவது பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கதை முடிந்தது. தூங்கி விழுந்த பெண் வாசல் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாக்கியலட்சுமி மகளையும் இழுத்துக்கொண்டு போய் மடக்கினாள்.

"உம் பேரென்ன?"

"பாப்பாத்திக்கா."

"எத்தினாவது படிக்கற?"

அவள் திருதிருவென்று முழித்தாள். "அஞ்சாவதோட நின்னுட்டேன்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த யூனிஃபார்ம் தேவா சார் குடுத்தது. போட்டுக்கினு லைன்ல நின்னா கதை கேக்க உள்ள வுடுவாங்கன்னாரு."

"கதை கேக்க வந்துட்டு ஏன் தூங்கற? டிவியா?"

"எங்க வூட்ல ஏதுக்கா டிவி? நாலு மணிக்கே பாத்தியில எறங்கிடணும். உப்ப வாரிக் கரையில கொட்டிட்டு, குளிச்சுட்டு ஓடியாருவோம்." பாப்பாத்தி சிரித்தாள். "இன்னிக்கு கொஞ்சந்தான் தூங்கினேன். முக்காவாசிக் கதை கேட்டுட்டேன்."

இலக்கியாவை ஏழு மணிக்கு எழுப்பவே மூன்று முறை கத்த வேண்டும்.

"சின்னப் புள்ளைய அந்நேரத்துக்கு எறக்கறது எந்த மவராசன்? யாரு பாத்தி?"

"ஆதிமூலம் மொதலாளி பாத்திதான்க்கா."

சொல்லிவிட்டுப் பாப்பாத்தி வரிசையில் போய் நின்றுகொண்டாள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று பாக்கியலட்சுமி தங்கள் உப்பளத்துப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. இப்போது மகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னம்மா, விசாரிச்சாச்சா?" அம்சவள்ளி நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார். "பேர் சொல்லுங்க."

"அந்தப் புள்ளைங்க மேல ஒண்ணுமில்ல மேடம். அதுங்க முன்னாடியே உக்காரட்டும்."

"அப்ப புகார் யார் மேல?"

அம்மா தடுமாறுவதைப் பார்த்து, வழக்கம்போல எடுத்துக் கொடுக்க இலக்கியா வாயைத் திறந்தாள். பாக்கியலட்சுமி அவள் வாயைப் பொத்தினாள்.

"ஆதிமூலம்" என்றாள். "எழுதிக்கங்க."