மூடிய வாய்

2018 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு, பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிளெக்ஸ் கடையில், சந்தனமாரியம்மாளின் வாய் மூடப்பட்டது.

மகள் உள்ளே வந்தபோது வேலை முடிந்திருந்தது.

கடைக்காரர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"வாய மூடிட்டேன்க்கா. இப்பத்தான் லட்சணமா இருக்கு."

அவள் பார்த்தாள்.

முகம் அம்மாவுடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ. அரக்குப் பட்டு, இரட்டை வடச் சங்கிலி. அம்மாவுக்கு இருந்தது ஒரே சங்கிலி. மூத்த மகன் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம் அது அடகுக்கடைக்குப் போனது. திரும்பி வரவில்லை.

தலைக்கு மேலே நீல வானம். இரண்டு புறா.

'அமைதியின் திருவுருவே!'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

கீழே நான்கு மகன்களின் பெயர்கள். ஏழு பேரன்களின் பெயர்கள். அவள் பெயர் இல்லை. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

மேசைமேல் மூலப் படம் கிடந்தது. 1983 மே மாதம் ஒரு நாளிதழில் வந்தது. வெட்டி, லேமினேட் செய்து, அம்மா அதை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பாள்.

இருபத்து மூன்று நாள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத கோடை அது. நகராட்சி அலுவலகத்துக்குள் நாற்பது பெண்கள். முன்னால் அம்மா. இடுப்பில் வெறுங்குடம். வலது கை மேலே. வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது. ஓரத்தில் இன்னொருத்தியின் தோளும் கட்டம் போட்ட சேலையும்.

அடுத்த வாரம் அம்மா இருந்த நான்காம் தெருவுக்குக் குழாய் வந்தது.

ஐந்து பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிட்ட வாய். விடியுமுன் வேலைக்கு ஏற்றிப்போக வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸை மறித்து, தூங்கி வழிந்த சிறுமிகளை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி இறக்கிய வாய். நான்கு மருமகள்களுக்காக நான்கு மகன்களையும் வைத வாய்.

எண்பத்தேழு வயதில், போன மாதக் கடைசியில்தான் அது ஓய்ந்தது.

நாளை பதினாறாம் நாள்.

அவள் மூத்த அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவர்.

"ஏட்டி, எழவு போர்டுல யாராச்சும் கத்திக்கிட்டு நிப்பாங்களா? நாளைக்குக் கமிஷனர் வாராரு."

"அந்த ஆபீஸ்லதானண்ணே அம்மா கத்துனா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

போன் வைக்கப்பட்டது.

கடைக்காரர் மவுசிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார். பத்துக்கு எட்டு அடி பேனர். மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

"அண்ணாச்சி சொன்னபடி போட்டுரவாக்கா?"

"போடுங்க. அது அவுக போர்டு."

அவள் மூலப் படத்தை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இத அப்படியே இன்னொண்ணு போடுங்க. நாலுக்கு மூணு."

"பல்லையாவது சரி பண்ணிரட்டுமா?"

"ஒண்ணையும் தொடாதீங்க."

"கீழ யார் யார் பேருக்கா?"

"அவ பேரு மட்டும்."

கடைக்காரர் தட்டச்சு செய்தார். ஒரு வரியில் முடிந்துவிட்டது. அவருக்கு அது போதவில்லை போலிருந்தது. புறாவையாவது வைக்கலாமா என்று கேட்டார்.

அவள் பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டார்.

மறுநாள் காலை, பெரிய பேனர் பேருந்து நிறுத்தத்தில் நின்றது. சின்னது நான்காம் தெருக் குழாயடியில், இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே.

ஒன்பது மணிப் பஸ்ஸில் வெள்ளைத்தாய் வந்து இறங்கினாள். வயது எண்பதுக்கு மேல். மகன் வீட்டோடு வெளியூர் போய்ப் பல வருடம் ஆகிறது. எழுதப் படிக்கத் தெரியாது.

பெரிய பேனருக்குக் கீழே நின்று, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பினாள்.

"ஏய்யா, இது எந்த வீட்டு அம்மா? நான் சந்தனமாரி எழவுக்கு வந்தேன்."

அவர் மேலே கையைக் காட்டினார்.

"போய்யா, அவள எனக்குத் தெரியாதாக்கும்?"

அவள் நம்பவில்லை. தெருவை விசாரித்துக்கொண்டு நடந்தாள்.

குழாயடியில் நின்றுவிட்டாள்.

மகள் அங்கேதான் இருந்தாள். வெள்ளைத்தாய் அவளைக் கவனிக்கவில்லை. பேனருக்கு அருகில் போய், திறந்த வாய்க்கு நேரே தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு படத்தின் ஓரத்தில் இருந்த தோளை, அந்தக் கட்டம் போட்ட சேலையை, விரலால் தொட்டாள்.

அதன் பிறகுதான் அழுதாள்.

பதினோரு மணிக்குக் கமிஷனர் வந்தார். வண்டி குழாயடியைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகி, பிறகு போனது. வீட்டில் மாலை வைத்தார். காபி குடித்தார். அமைதியான அம்மா என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

அண்ணன் தலையசைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நகராட்சி ஆட்கள் சின்ன பேனரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அனுமதி வாங்கவில்லை என்றார்கள்.

பெரியதற்கும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

அது ஒன்றரை மாதம் இருந்தது.